கடல் தாண்டிப் போனவர்களுக்காகப் பேசுவது யார்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, சந்தா, உள்கடன், வங்கித் தவணை என்று பேசுகிறோம். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போதுதான் வீட்டு விஷயம் வெளியே வரும். "அவங்க சிங்கப்பூர்ல கை அடிபட்டுக் கெடக்காங்க, கம்பெனி கண்டுக்கல." "தம்பிக்கு மூணு மாசமா சம்பளம் வரல." "சொன்ன சம்பளம் ஒண்ணு, கையில கெடைக்கிறது ஒண்ணு." இப்படி யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் 'அடப்பாவமே' என்போம். பதிவேட்டில் இதில் ஒரு வரிகூட ஏறாது.

பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்து ஊர்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்து தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து போனபிறகு, கடனை அடைக்க வேறு வழி தெரியாமல் விமானம் ஏறிய குடும்பங்களும் உண்டு. போனவர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது. வார்டு மெம்பர் கிடையாது. கிராம சபை கிடையாது. அப்படியென்றால் அவர்களுக்காக அந்த நாட்டு அரசாங்கத்திடம் யார் பேசுகிறார்கள்? பேசினால் ஏதாவது நடக்கிறதா? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

உதவி வேறு, பரிந்து பேசுதல் வேறு

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் இரண்டு விதமான வேலை செய்கின்றன. ஒன்று உதவி. பசித்தவனுக்குச் சாப்பாடு, அடிபட்டவனுக்கு மருத்துவம், வெளியே துரத்தப்பட்ட பெண்ணுக்குத் தங்க இடம். இது எல்லோருக்கும் புரியும்.

இன்னொன்றைப் படித்தவர்கள் 'கொள்கைப் பரிந்துரை' என்பார்கள். நாம் 'பரிந்து பேசுதல்' என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் ஒரு குடம் கொடுப்பது உதவி. தெருவுக்கே ஏன் தண்ணீர் வரவில்லை என்று கணக்கெடுத்து, தீர்மானம் போட்டு, ஊராட்சியைக் குழாய் போட வைப்பது பரிந்து பேசுதல். குடம் தண்ணீர் அன்றைக்கே தாகம் தீர்க்கும். குழாய் வர வருஷக் கணக்காகும். ஆனால் வந்துவிட்டால் நாளைக்கு யாரும் குடத்தோடு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்க எத்தனை வருஷம்?

நமக்குப் பழக்கமான சிங்கப்பூர் கதையையே எடுத்துக்கொள்வோம். அங்கே வீட்டுவேலைக்கு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியான்மர், இலங்கை, இந்தியா என்று பல நாட்டுப் பெண்கள் போகிறார்கள். நம் பக்கத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும். கட்டட வேலைக்குப் போகும் ஆண்களுக்காவது சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தும். வீட்டுவேலைப் பெண்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வேலை நேரம் இவ்வளவு, ஓவர்டைம் இவ்வளவு என்று அதில் இருப்பதெல்லாம் இவர்களுக்கு இல்லை. வார விடுமுறையும் வெகுகாலம் இல்லாமலே இருந்தது. முதலாளி அம்மா மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

2001 டிசம்பரில் 19 வயது இந்தோனேசியப் பெண் ஒருத்தி முதலாளியிடம் பல மாதம் அடிபட்டு, சாப்பாடில்லாமல் மெலிந்து, கடைசியில் செத்துப் போனாள். முதலாளிக்கு 2002-இல் 18 ஆண்டு 6 மாதச் சிறையும் பிரம்படியும் கிடைத்தது. தண்டனை கிடைத்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று ஊர் இருந்திருக்கலாம். ஆனால் சிலர் வேறு கேள்வி கேட்டார்கள். இத்தனை மாதம் அவள் அடிபட்டது ஏன் யாருக்கும் தெரியவில்லை? பதில் எளிமையானது. அவள் வெளியே வந்தால்தானே தெரியும்! வாரத்தில் ஒருநாள் வெளியே வந்து நாலு பேரைப் பார்த்திருந்தால், யாராவது ஒருத்தி முகத்துக் காயத்தைப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்டிருப்பாள்.

இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த அமைப்புதான் டி.டபிள்யூ.சி.2. அப்போது நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேமா மதி முன்னின்று 2003-இல் ஒரு குழுவாகத் தொடங்கினார்கள். 2004-இல் முறையாகப் பதிவு செய்தார்கள். அதே 2004-இல் ஹோம் என்ற இன்னொரு அமைப்பும் தொடங்கியது. அது வீட்டை விட்டு ஓடிவந்த பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்தது. 2008-இல் இந்த இரண்டு அமைப்புகளும் ஐ.நா. பெண்கள் நிதியத்தின் சிங்கப்பூர்க் கிளையும் சேர்ந்து 'வாரம் ஒருநாள் விடுமுறை' என்ற பிரச்சாரத்தை ஆரம்பித்தன.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரிய முதலாளிகளிடமிருந்து அல்ல, சாதாரணக் குடும்பங்களிலிருந்து. வேலைக்குப் போகும் பெண்களே எதிர்த்தார்கள். "நான் ஆபீஸ் போறேன், ஞாயித்துக்கிழம மாமியாரை யாரு பாத்துக்குவா?" "வெளிய விட்டா கெட்டுப் போயிடுவா." "ஓடிட்டா என் 5,000 வெள்ளி போயிடும்."

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். 5,000 வெள்ளி என்பது முதலாளி அரசாங்கத்திடம் கொடுக்கும் பிணைத்தொகை. வேலைக்கு வந்த பெண் விதிமுறை மீறினாலோ காணாமல் போனாலோ பிணை பறிபோகும் என்பது நிபந்தனை. அவள் கர்ப்பமானால்கூடப் பிணை போகும் என்ற பயம் இருந்தது. அப்படியானால் பூட்டி வைப்பவளின் குணத்தை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அரசாங்கத்தின் விதியே அவளைப் பூட்டச் சொல்கிறது. பரிந்து பேசுகிறவர்கள் இதைத்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 'முதலாளிகளே இரக்கம் காட்டுங்கள்' என்று நோட்டீஸ் அடித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். விதியை மாற்றினால் ரெண்டு லட்சம் வீட்டுக்கும் மாறும். 2010 ஜனவரியிலிருந்து பிணை நிபந்தனை தளர்ந்தது. அந்தப் பெண் தன் சொந்த நடத்தையால் விதி மீறினால் அதற்கு முதலாளி பொறுப்பில்லை என்றானது.

2011 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென்று 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்று அதில் இருக்கிறது. ஓட்டெடுப்பில் சிங்கப்பூர் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது, ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. கை தூக்குவது சுலபம், கையெழுத்துப் போடுவது கஷ்டம் என்பது அரசாங்கங்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. அதே மாதம் சிங்கப்பூரில் துணையமைச்சர் நிலையில் இருந்த ஹலிமா யாக்கோப் வார விடுமுறை வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். பின்னாளில் அந்த நாட்டின் அதிபரானவர் இவர்தான். அமைச்சு வட்டாரத்துக்குள்ளேயே ஒரு பெண் பேசியதும் காற்று திரும்ப ஆரம்பித்தது.

2012 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. 2013 ஜனவரி 1 முதல் புதிதாகப் பர்மிட் எடுக்கும், புதுப்பிக்கும் எல்லாப் பெண்களுக்கும் வாரம் ஒருநாள் விடுமுறை.

ஆனால் ஒரு ஓட்டை விட்டு வைத்தார்கள். பெண் சம்மதித்தால் விடுமுறைக்குப் பதில் ஒருநாள் சம்பளம் கொடுத்துவிடலாம். சம்மதம்! ஏஜெண்டுக் கடனைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிற, முதலாளி வீட்டிலேயே படுத்து எழுந்திருக்கிற பெண் 'எனக்குச் சம்மதமில்லை' என்று எப்படிச் சொல்வாள்? பல பெண்கள் விடுமுறையைக் காசாக்கிவிட்டு, முன்போலவே நான்கு சுவருக்குள் இருந்தார்கள். அமைப்புகள் திரும்பவும் கணக்கெடுத்தார்கள், எழுதினார்கள், கேட்டார்கள். 2021-இல் இன்னொரு அறிவிப்பு வந்து, 2023 ஜனவரி 1 முதல் மாதம் ஒருநாளாவது காசாக்க முடியாத விடுமுறை கட்டாயம் என்றானது.

2003-லிருந்து 2023 வரை இருபது வருஷம். கிடைத்தது, யாரும் பறிக்க முடியாத ஒரு நாள், அதுவும் மாதத்துக்கு. இது வெற்றியா தோல்வியா என்று கேட்டால், அந்த ஒருநாளில் பூங்காவில் உட்கார்ந்து ஊர்க்காரியிடம் பேசும் பெண்ணைத்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் வெற்றி என்றுதான் சொல்வேன்.

சரி, நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். டவுனில் பத்துப் பாத்திரம் தேய்க்கிற அக்காக்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு லீவு உண்டா? தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு 2007-இல் நலவாரியம் வந்தது. அதுவும் பல வருஷம் தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கமும் சங்கங்களும் கேட்டுக் கேட்டு வாங்கியதுதான். அதில் பெயர் பதியாதவர்கள் இந்த மாதமே பதிந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுச் சீட்டு சொல்லும் கணக்கு

ஆண்கள் விஷயத்துக்கு வருவோம். கட்டட வேலையில் அடிபட்டவர், சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுத்தவர் பர்மிட் ரத்தாகிவிட்டால், வழக்கு முடியும் வரை சிறப்பு அனுமதிச் சீட்டில் இருக்க வேண்டும். பொதுவாக அந்தச் சீட்டில் வேலை செய்ய முடியாது. கம்பெனியைவிட்டு வெளியே வந்தவருக்குச் சாப்பாடு யார் போடுவார்? டி.டபிள்யூ.சி.2 அமைப்பு 2008-லிருந்து லிட்டில் இந்தியாவில், நம் ஆட்கள் சொல்லும் தேக்கா பக்கத்தில், இப்படிப்பட்டவர்களுக்கு இலவசச் சாப்பாடு கொடுத்து வருகிறது.

சாப்பாடு போடுவது உதவி. ஆனால் சாப்பிட வருகிறவரிடம் அவர்கள் பேசுகிறார்கள்: எந்தக் கம்பெனி, எப்போது அடிபட்டது, ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தார், ஐ.பி.ஏ. கடிதத்தில் என்ன சம்பளம் போட்டிருந்தது, கையில் எவ்வளவு வந்தது. ஒருவர் சொன்னால் அது அவர் கஷ்டம். நூறு பேர் ஒரே மாதிரி சொன்னால் விதியில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். 'சம்பளச் சீட்டே கொடுப்பதில்லை, அதனால் பாக்கியை நிரூபிக்க முடியவில்லை' என்று ஆள் ஆளாக வந்து சொன்னதைத் தொகுத்து அமைச்சுக்கு எழுதினார்கள். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளிகளுக்குக் கட்டாயமானது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சம்பளச் சீட்டு வருகிறதா என்று இன்றைக்கே போனில் கேளுங்கள். வந்தால் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வராவிட்டால் அது சட்ட மீறல்.

எல்லாம் ஜெயித்துவிடவில்லை. லாரிக் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னதாக ஆகும். சிங்கப்பூரில் தொழிலாளர்களை லாரியின் பின்பக்கத்தில் உட்கார வைத்து வேலைக்குக் கூட்டிப் போகிறார்கள். நெல்மூட்டை ஏற்றுகிற மாதிரிதான். சீட் பெல்ட் கிடையாது. விபத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமைப்புகள் பல வருஷமாகக் கேட்டு, மேலே கூரையும் பக்கவாட்டில் தடுப்புக் கம்பியும் வாங்கினார்கள். 2021 ஏப்ரலில் விரைவுச் சாலையில் ஒரு லாரி மோதி இரண்டு பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் பல அமைப்புகள் சேர்ந்து 'பஸ்ஸில் ஏற்றுங்கள், லாரி வேண்டாம்' என்று கூட்டாக அறிக்கை கொடுத்தன. முதலாளிகள் சங்கங்கள் செலவு தாங்காது, பஸ்ஸும் டிரைவரும் போதாது என்றன. அரசாங்கமும் உடனே தடை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளையின் உயிருக்கும் ஒரு பஸ் வாடகைக்கும் தராசு பிடித்திருக்கிறார்கள். கோபம் வரத்தான் செய்கிறது.

தங்குமிடம் விஷயத்தில் பரிந்து பேசியவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள், யாரும் கேட்கவில்லை. ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் 12 முதல் 20 பேர் படுக்கிறார்கள், நோய் வந்தால் தாங்காது என்று 2020 மார்ச்சில், கொரோனா டார்மெட்டரிகளில் பரவுவதற்குக் கொஞ்சம் முன்னால், டி.டபிள்யூ.சி.2 பத்திரிகைக்கு எழுதியது. ஏப்ரலில் பரவியது. அந்த வருஷ முடிவில் அரசாங்கமே சொன்ன கணக்குப்படி, டார்மெட்டரிகளில் இருந்த 3,23,000 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தொற்று வந்து போயிருந்தது. நம் பகுதியில் எத்தனை அம்மாக்கள் அந்த நாட்களில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தோம்! 2021 செப்டம்பரில், புதிதாகக் கட்டும் டார்மெட்டரிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று விதி வந்தது. கேட்டபோது கிடைக்காதது, நோய் வந்து காட்டியபிறகு கிடைத்தது.

நம் பக்கத்து ஓட்டை

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜெண்டு ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம் என்று 2011-லிருந்து விதி இருக்கிறது. அப்படியிருக்க நம் ஆட்கள் லட்சக் கணக்கில் கொடுத்துவிட்டுப் போவது எப்படி? அந்தப் பணம் கைமாறுவது சிங்கப்பூரில் அல்ல, இங்கே. பட்டுக்கோட்டையிலோ, அறந்தாங்கியிலோ, திருச்சியிலோ. சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு இவ்வளவு தூரம் கை நீளாது. அங்கேயுள்ள அமைப்புகள் எவ்வளவு கத்தினாலும் இந்த ஓட்டையை அவர்களால் அடைக்க முடியாது. இந்தப் பக்கத்து ஆட்கள்தான் பேச வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு 1983-ஆம் வருஷத்து குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும், இதற்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. ரசீது கொடுக்க வேண்டும். 'சப்-ஏஜெண்டு' என்று ஒருவரைச் சட்டம் அங்கீகரிக்கவே இல்லை. ஆனால் நம் வாசலுக்கு வருகிறவர் பெரும்பாலும் சப்-ஏஜெண்டுதான். அவர் மாமன் மச்சானாகவே இருப்பார், ரசீது கேட்டால் கோபித்துக்கொள்வார்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற வகையில் வரும். அவர்கள் சவுதி, குவைத், ஓமன், கத்தார், மலேசியா என 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், அதற்கு மேல் வரி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். சிங்கப்பூர் அந்த 18 நாட்டுப் பட்டியலில் இல்லை. அதனால் சிங்கப்பூர் போகிறவர் அந்த அனுமதியும் கட்டாயக் காப்பீடும் இல்லாமலே விமானம் ஏறிவிடுகிறார். இது பலருக்குத் தெரியாது.

பெண்கள் விஷயத்தில் நம் அரசாங்கத்தின் விதி வேறு மாதிரி. அந்த 18 நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக 30 வயது முடிந்திருக்க வேண்டும். 2016-லிருந்து இந்த வகைப் பாஸ்போர்ட் உள்ள பெண்களைத் தனியார் ஏஜெண்டு அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் 1978-லிருந்து இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று. பாதுகாப்புக்காகப் போட்ட விதி என்பதில் சந்தேகமில்லை. நடப்பது என்ன? 26 வயதுப் பெண்ணுக்குக் குடும்பக் கஷ்டம் 30 வயது வரை காத்திருக்காது. விசிட் விசாவில் துபாய் போய், அங்கிருந்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அரசாங்கக் கணக்கில் அவள் சுற்றுலாப் பயணி. அடித்தாலும் பட்டினி போட்டாலும் எந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் புகார் கொடுப்பாள்? அதனால்தான் இந்தத் துறையில் வேலை செய்யும் அமைப்புகள் 'தடை போட்டால் பாதுகாப்பு வராது, நேர்வழியைத் திறந்துவிட்டுக் கண்காணியுங்கள்' என்று வருஷக் கணக்காகச் சொல்கின்றன. இதில் மாற்றுக் கருத்துள்ள சகோதரிகளும் இருக்கலாம். 'பொம்பளப் புள்ளய தனியா அனுப்பறதே தப்பு' என்பார்கள். அனுப்பாமலிருக்க வசதி உள்ளவர்கள் அனுப்புவதில்லை. மற்றவர்களுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி.

இந்தப் பழைய சட்டத்தை மாற்ற 2019-இலும் 2021-இலும் வரைவு வந்தது, நிறைவேறவில்லை. 2025 அக்டோபரில் மத்திய அரசு இன்னொரு வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கருத்து அனுப்பக் கொடுத்த நாட்கள் கொஞ்சம். டெல்லியிலும் கேரளத்திலும் இருக்கும் அமைப்புகளுக்குச் செய்தி தெரியும், எழுதுவார்கள். நம் போன்றவர்களுக்குச் செய்தி வந்து சேருவதற்குள் தேதி முடிந்துவிடும். கேரளத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று 1996-லேயே தனித் துறை வைத்தார்கள். நம் மாநிலத்தில் 2011-இல் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது, ஆனால் அயலகத் தமிழர் நல வாரியம் என்று ஒன்று அமைந்து வேலை தொடங்கியது 2021-க்குப் பிறகுதான். சட்டம் காகிதத்தில் பத்து வருஷம் தூங்கியது. அந்த வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்தவர்களுக்குக் காப்பீடு உண்டு. வீட்டில் இருப்பவர்கள் விவரம் கேட்டு, போனவரைப் பதியச் சொல்லுங்கள்.

நம்மிடம் வந்தவர்கள்

கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றியே பேசினோம். கடல் தாண்டி நம்மிடம் வந்தவர்களும் உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக 1984-இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய அமைப்பு ஈழ ஏதிலியர் கழகம். முகாம்களில் பெண்கள் சுயஉதவிக் குழுக்களையும் அமைத்தது. அவர்கள் நம்மைப் போலவே சேமித்து, உள்கடன் கொடுத்து நடத்துகிறவர்கள்.

அந்த அமைப்பு செய்த ஒரு காரியம் கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைப் பதிய வைத்தது, சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது. இதில் என்ன பெரிய விஷயம்? தாளில் இல்லாத பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை. முகாம்களில் இருந்தவர்களில் மலையகத் தமிழர்கள் சுமார் 28,500 பேர் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள். 2003-இல் இலங்கை, மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் போட்டபோது தொடர்ந்து இலங்கையிலேயே இருந்திருக்க வேண்டும் என்றது. குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் எப்படித் தொடர்ந்து இருந்திருப்பார்கள்? கேட்டுக் கேட்டு, 2009-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு இந்தியாவில் இருந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களின் வீடு, படிப்பு, வசதிகளுக்காக 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. முகாமின் பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 'அகதி' என்ற சொல்லோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அந்தப் பெயர் மாற்றம் சின்ன விஷயமில்லை.

இப்போது மேற்கு வங்காளத்திலிருந்து வந்து நம் டெல்டா வயலில் நடவு நடுகிறார்களே, அவர்களைப் பற்றி நம் குழுக்களில் வருத்தம் இருக்கிறது. 'எங்க நடவு வேலை போச்சு' என்கிறோம். நியாயமான வருத்தம். ஆனால் அவர்களை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி அழைத்து வருகிறவரும் ஒரு ஏஜெண்டுதான். அவர்கள் மோட்டார் கொட்டகையிலும் களத்திலும் படுக்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர் நம் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்கிறாரோ, அதையே நாம் இவர்களைப் பார்த்துச் சொல்கிறோம். இதைத் தனியாக ஒரு இதழில் பேச வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

நம் பதிவேட்டில் இருக்கும் சாட்சி

சிங்கப்பூர் அமைப்பு சாப்பாட்டு வரிசையில் கணக்கெடுத்தது. நம் கையில் அதைவிட நல்ல கணக்கு இருக்கிறது, நம் கடன் பதிவேடுதான். வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி குழுக் கடனாக இருக்கும். ஆனால் 'கடனின் நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுகிறோம்? பல குழுக்களில் 'குடும்பச் செலவு' அல்லது 'மாடு வாங்க'. மாடு விமானம் ஏறிப் போகிறது!

இதற்கு ஒரு காரணமும் உண்டு. வெளிநாட்டுக்கு என்று எழுதினால் வங்கியில் கேள்வி வரும் என்று பயம். வங்கிக் கடன் பதிவேட்டைத் தொட வேண்டாம். உள்கடனில் மட்டுமாவது உள்ளதை எழுதலாம். கூடவே ஒரு தனி நோட்டு போடலாம். ஏஜெண்டு எந்த ஊர், பதிவு எண் இருக்கிறதா, எவ்வளவு கொடுத்தோம், ரசீது உண்டா, சொன்ன சம்பளம் என்ன, ஐ.பி.ஏ. கடிதத்தில் அல்லது ஒப்பந்தத்தில் என்ன இருந்தது, கையில் என்ன வந்தது. சிங்கப்பூர் ஐ.பி.ஏ. கடிதத்தின் தமிழ்ப் பிரதியைத் தொழிலாளிக்குப் புறப்படும் முன்பே கொடுக்க வேண்டும் என்பது விதி. அதன் நகல் நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும், ஏஜெண்டு பையில் அல்ல.

நோட்டில் உள்ள பெயர்களைக் கூட்டத்தில் படிக்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் கடனும் அவமானமும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. எண்ணிக்கையை மட்டும் கூட்டமைப்புக்குக் கொடுத்தால் போதும். எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் சேர்த்தால், ஒரு தாலுகாவில் எத்தனை குடும்பம், எத்தனை லட்சம், எத்தனை ரசீது என்று தெரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து 'ஏமாத்துறாங்க' என்று சொன்னால் 'புகார் கொடும்மா' என்பார்கள். எண்ணிக்கையோடு சொல்லி, ஆட்சியருக்கும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அனுப்பத் தீர்மானம் போடச் சொன்னால் அப்படித் தட்டிவிட முடியாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தனி ஆளாக நிற்பதற்கும், கூட்டமைப்பின் முத்திரையோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரிந்ததுதானே.

அடுத்த பிரதிநிதிகள் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும், கடந்த மூன்று வருஷத்தில் வெளிநாட்டுக்காகக் கொடுத்த உள்கடன் எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துவாருங்கள். பெயர் வேண்டாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் குழுக்களுக்கு ஊக்குநர்கள் வந்து எழுதிக் கொடுப்பார்கள்.